ஐஸ்லாந்து டைரி: ஃப்ரிட்ஜ்ல ஒட்டின வார்த்தையும் கடையில காதுல விழுற வார்த்தையும்

வியாழன், ரெய்க்யாவிக்

பெரியம்மா பொண்ணு அக்கா இங்க இருக்கறதாலதான் இந்த டிரிப்பே, இல்லன்னா இந்த ஊரு ஹோட்டல் ரேட்டுக்கு நான் கொடைக்கானலோட நிறுத்தியிருப்பேன். ஏர்போர்ட்ல இருந்து சிட்டி ஒரு 50 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் எரிமலைக் குழம்பு காஞ்சு கருப்பா கெடக்கு, மேல பாசி படர்ந்திருக்கு, கண்ணுக்கெட்டுன வரைக்கும் ஒரு மரம் இல்ல. மாமா வண்டி ஓட்டிக்கிட்டே, "ஏர்போர்ட் இருக்கற ஊரை எழுதறது கெஃப்லாவிக், சொல்றது கெப்லாவிக், அதை இப்பவே பழகிக்கோ"ன்னாரு.

வீட்டுக்குள்ள போனா எங்க பாத்தாலும் மஞ்சள் ஸ்டிக்கர். அக்கா சாயங்கால கிளாஸ் போறா, பாப்பா லேய்க்ஸ்கோலி போறா, அதாவது ப்ளே ஸ்கூல். கிளாஸ் இங்கிலீஷ் வழியா நடக்கறதால ஸ்டிக்கர்ல மேல இங்கிலீஷ், கீழ ஐஸ்லாண்டிக். ஃப்ரிட்ஜ் மேல ஈஸ்காவ்ப்புர், ஈஸ்னா ஐஸு, ஸ்காவ்ப்புர்னா அலமாரி. அடுப்பு எல்தவியேல், தீ மெஷின். வேக்குவம் க்ளீனர் ரிக்சூகா, தூசி உறிஞ்சி. டிவி ஸ்யோன்வர்ப், பார்வையை வீசறது. போன் சீமி, அது நூல், கயிறுக்கு இருந்த பழைய சொல்லாம், வழக்கொழிஞ்சு கெடந்ததைத் தூசி தட்டி எடுத்து டெலிபோனுக்கு வச்சிட்டாங்க. கரண்ட் ரஃப்மக்ன், ரஃப்னா அம்பர் பிசின், மக்ன்னா சக்தி.

லேப்டாப் மேல தோல்வா. 1960கள்ல இங்க யுனிவர்சிட்டிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தப்ப சிகுர்துர் நோர்தால்ங்கற பேராசிரியர் உண்டாக்குன சொல், எண்ணுக்கான தாலாவையும் குறி சொல்ற பொம்பளைக்கான வோல்வாவையும் கலந்து கட்டுனது. எண்களை வச்சு குறி சொல்றவ! நம்மகிட்டயும் கணினி இருக்கு, மின்னஞ்சல் இருக்கு, பாடப்புத்தகத்துல ஜம்முனு இருக்கு, வாயில வர்றது என்னமோ கம்ப்யூட்டரும் மெயிலும்தான். இங்க மெக்கானிக்ல இருந்து பாப்பாவோட டீச்சர் வரைக்கும் தோல்வாதான் சொல்றாங்க. ஆனா ரொம்பவும் தூக்கி வச்சுப் பேச வேணாம், பீட்சாவுக்கு பீட்சாதான், ஓகேவுக்கு ஓக்கேதான்.

மணி பத்தரை, வெளிய வெயில் அடிக்குது. ஜூன்ல இங்க சூரியன் மறையவே நடுராத்திரி ஆகும். திரையை இழுத்து விட்டுட்டுப் படுக்கிறேன்.

வெள்ளி, ரெய்க்யாவிக்

காலையில ஸ்டிக்கரையெல்லாம் ஒரு ரவுண்டு போனுல போட்டோ எடுத்துக்கிட்டேன், டவுனுக்குப் போற பஸ்ல படிக்கறதுக்கு. சாப்பாட்டு சாமானெல்லாம் ஈசி. மில்க்குக்கு ம்யோல்க், பிரட்டுக்கு ப்ரோய்த், முட்டைக்கு எக்கேதான். இங்கிலீஷ்ல எக், நைஃப், விண்டோ எல்லாம் வைக்கிங்குங்க இங்கிலாந்துல போய் குடியேறுனப்ப அவங்க பாஷையில இருந்து ஒட்டிக்கிட்டது. இதுல வேடிக்கை விண்டோதான், அவங்க பாஷையான பழைய நார்ஸ்ல அது வின்தௌகா, காத்தோட கண்ணு. இங்கிலீஷ்காரன் அதைப் பத்திரமா வச்சிருக்கான், ஐஸ்லாந்துக்காரங்க விட்டுட்டாங்க, இப்ப ஜன்னலுக்கு க்ளுக்கிங்கறாங்க. அதே மாதிரி ஸ்கைனு நெனச்சு ஸ்கீனு சொன்னா இவங்களுக்கு அது மேகம்.

ஹல்க்ரிம்ஸ்கிர்க்யா சர்ச்சை எல்லாரும் போட்டோ போட்டாச்சு, நான் சுருக்கமா முடிச்சுக்கறேன். 74.5 மீட்டர் உயரம், 1945ல ஆரம்பிச்சு 1986ல முடிச்சிருக்காங்க. மேல ஏறினா கலர் கலரா தகரக் கூரை, அதுக்கப்புறம் கடல். போதும்.

மேட்டர் கடையில. ரோஸ் கலர் பன்னி போர்டு போட்ட போனுஸ்ல அக்கா லிஸ்ட் குடுத்து அனுப்பினா. கவுண்டர்ல ஒரு காலேஜ் பையன், பால் பாக்கெட்டை பீப் பண்ணிக்கிட்டே நிமிர்ந்து பாக்காம "வில்து போக்கா?"ங்கறான். ஸ்டிக்கர்ல பைக்கு போக்கினு இருக்கு. போக்கா எங்கிருந்து வந்துச்சு? பின்னாடி ஆள் நிக்குது, அவன் அரை செகண்ட் பாத்துட்டு, "டூ யூ வாண்ட் எ பேக்?"னு சுத்தமான இங்கிலீஷுக்கு மாறிட்டான். ரசீதையும் இங்கிலீஷ்லயே கேட்டான்.

வீட்டுல வந்து கேட்டா அக்கா சிரிக்கறா. "பை வேணுமானு கேக்கறப்ப போக்கி போக்கா ஆயிடும்டா, இரண்டாம் வேற்றுமை." நாலு வேற்றுமை இருக்காம் இவங்களுக்கு. சொல்லு வாக்கியத்துக்குள்ள நுழைஞ்ச உடனே வாலு மாறுது, சில நேரம் வயிறே மாறுது. யோசிச்சா நமக்கு இதுல பயப்பட என்ன இருக்கு? நாம பள்ளிக்கூடத்துல எட்டு வேற்றுமை மனப்பாடம் பண்ணவங்க. ஒரு வெள்ளைக்காரர் மரம்னு ஒரு சொல்லை லிஸ்ட்ல படிச்சுட்டு மதுரைக்கு வர்றாருனு வைங்க, அவர் காதுல விழறதெல்லாம் மரத்துல, மரத்துக்கு, மரத்தை, மரத்தடியில. மரம்ங்கற சொல்லை தனியா யாராவது ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவோம்? அவர் லிஸ்ட் தப்பில்ல, ஆனா தெருவுல அந்த ரூபத்துல அது நடமாடாது. இங்கிலீஷ்-ஐஸ்லாண்டிக் சொல் பட்டியலை வச்சுக்கிட்டு சுத்தறவங்க அத்தனை பேருக்கும் இங்க இதே கதைதான்.

சாயங்காலம் துறைமுகம் பக்கத்துல பையரின்ஸ் பெஸ்துங்கற ஹாட் டாக் கடை. 1937ல இருந்து இருக்கு, சின்னப் பெட்டிக்கடை சைஸ், எப்பவும் வரிசை. இங்க சொல்ல வேண்டியது மூணே சொல், "எய்னா மெத் ஓத்லு", எல்லாம் போட்டு ஒண்ணு. எல்லாம்னா கெட்சப், இனிப்புக் கடுகு, ரெமுலாதி சாஸ், பச்சை வெங்காயம், மொறுமொறுனு பொரிச்ச வெங்காயம், சாஸேஜ்ல ஆட்டுக்கறி கலந்திருக்கும். இரட்டை எல் வந்தா இவங்க நாக்குல நடுவுல ஒரு த் ஒட்டிக்கும், அதான் ஓத்லு. மாமா முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தாரு, ஒண்ணுங்கறது பொருளைப் பொறுத்து ஆண்பாலுக்கு எய்த்ன், பெண்பாலுக்கு எய்ன், பொதுவுக்கு எய்ஹ்த், ஹாட் டாக் இவங்களுக்கு பெண்பால், வாங்கும்போது அது எய்னா. ஒருவன், ஒருத்தி, ஒன்று இருக்கற பாஷைக்காரனுக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, ஹாட் டாக் ஏன் பொம்பளைனு மட்டும்தான் விளங்கல.

மூணு சொல்லையும் ஒரே மூச்சுல விட்டேன். கடைக்காரம்மா தலையாட்டிட்டு ஐஸ்லாண்டிக்லயே விலை சொன்னாங்க. இங்கிலீஷுக்கு மாறல! அதே நான் பில்சானு, அதாவது ஹாட் டாக்னு, ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த நொடி இங்கிலீஷ் வந்திருக்கும்.

அக்கா ராத்திரி ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு புதுசா ஒண்ணு ஒட்டறா. பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, "ம்யோல்கின் எர் ஈ ஈஸ்காவ்ப்னும்". பாலுக்குப் பின்னாடி ஒரு இன், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு னும், அதுதான் இங்கிலீஷோட the. முன்னாடி வராது, வாலுல ஒட்டும்.

சனி, ரெய்க்யாவிக்

இன்னைக்கு லோய்கர்தாகுர். லோய்க்னா குளிக்கற வெந்நீர்க் குளம், தாகுர்னா நாள், ஆக சனிக்கிழமைன்னா குளியல் நாள். சனி நீராடுனு நம்ம பாட்டி சொல்லிக் கேட்டு வளந்த எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு தாங்கல. எண்ணெய் மட்டும்தான் மிஸ்ஸிங். ஞாயிறு இவங்களுக்கும் சூரியன்தான், திங்கள் இவங்களுக்கும் நிலாதான். நடுவுல வர்ற செவ்வாயும் வியாழனும் வெறும் மூணாம் நாள், அஞ்சாம் நாள், புதன் வாரத்தோட நடு, வெள்ளி விரத நாள். ஓடின், தோர்னு பழைய சாமி பேருங்க இருந்ததை 12ஆம் நூற்றாண்டு வாக்குல ஒரு பிஷப் தூக்கிட்டதா சொல்றாங்க. இங்கிலீஷ்ல அந்த சாமிங்க இன்னும் வெட்னஸ்டே, தர்ஸ்டேல உக்காந்திருக்காங்க.

கடைவீதி லோய்கவேகுர்ல நேத்து நடந்தேன்ல, அதுலயும் அதே லோய்க்தான். ஒரு காலத்துல ஊர்ப் பொம்பளைங்க துணி மூட்டையை முதுகுல தூக்கிக்கிட்டு இந்த வழியாதான் வெந்நீர் ஊத்துக்கு நடந்து போவாங்களாம். ஊத்து இருந்த பள்ளத்தாக்கு லோய்கர்தாலுர், ஊர்லயே பெரிய நீச்சல் குளம் இப்ப அங்கதான். போனோம்.

கூச்ச சுபாவம் உள்ளவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுங்க. குளத்துக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி துணியில்லாம சோப்பு போட்டுக் குளிச்சாகணும், ஆம்பளைங்க எல்லாரும் ஒரே ஹால்ல, தடுப்பு கிடுப்பு எதிர்பாக்காதீங்க. சுவத்துல ஒரு மனுஷப் படம், எங்கெங்க சோப்பு போடணும்னு சிவப்பு கலர்ல குறிச்சிருக்கு, தலை, அக்குள், இடுப்புக்குக் கீழ, பாதம். மாமா ரொம்ப சகஜமா டவலை மாட்டிட்டுப் போறாரு. ஏன் இவ்ளோ கறார்னா குளத்துல க்ளோரின் கம்மியா போடறாங்க, அதனால ஆள் சுத்தமா வரணும். ஞாயமாத்தான் படுது. கதவுல கர்லார்னு இருந்தா ஆண்கள், கோனுர்னா பெண்கள், பல இடத்துல படம் இருக்காது, இந்த ரெண்டை மட்டும் பிளேன்லயே படிச்சுட்டு வந்துடுங்க.

வெளிய காத்து ஊசி மாதிரி குத்துது, தண்ணி கதகதனு இருக்கு. ஓரத்துல வட்டத் தொட்டிங்க, பேரு ஹேய்துர் போஹ்துர், ஒவ்வொண்ணுலயும் 38, 40, 42னு டிகிரி எழுதியிருக்கு. நம்ம டீக்கடை பெஞ்சு இவங்களுக்கு இந்தத் தொட்டிதான், அரசியலு, வானிலை, பக்கத்து வீட்டுக் கதை அத்தனையும் கழுத்தளவு வெந்நீர்ல உக்காந்துதான் ஓடும். எதிர்ல ஒரு பெரியவர் என்னைப் பாத்து "க்வாதன் எர்து?"னாரு, எங்கிருந்து வர்றேனு. எழுத்துல ஹெச் வீ, வாயில க்வ, அதனால எங்க, என்ன, யாரு எல்லாமே க்வ-லதான் ஆரம்பிக்கும். "யெக் எர் ஃப்ராவ் இந்த்லான்தி"ன்னேன். இந்தியா இந்த்லான்த், இந்தியாவிலிருந்துன்னா கடைசியில ஒரு இ. அதை நான் விதியா படிக்கல, அக்கா அந்த முழு வாக்கியத்தையும் வாயில திணிச்சுதான் அனுப்பியிருந்தா. பெரியவர் புருவத்தைத் தூக்கிட்டு மழை பத்தி ஏதோ ஆரம்பிச்சாரு, நான் பாதியில மூழ்கிட்டேன், மாமா மீதியைப் பாத்துக்கிட்டாரு.

அவர் கேட்ட க்வாதன்ல நடுவுல ஒரு த் வந்துச்சு பாருங்க, அதை இங்கிலீஷ்காரங்க th-னு எழுதி நாக்கைக் கடிப்பாங்க. நமக்கு அது அதுல வர்ற து, கதையில வர்ற தை. கிளாஸ்ல வேற நாட்டுக்காரங்கல்லாம் இதுக்கு ஒரு வாரம் கஷ்டப்பட்டாங்க, நான் மொத நாளே பாஸ்னு அக்காவுக்கு ஒரே பெருமை.

ஞாயிறு

திங்வெத்லிர், கெய்சிர், குல்ஃபோஸ் அருவி, டூரிஸ்டுங்க வழக்கமா போற ரவுண்டு. திங்வெத்லிர்ல 930ல பாராளுமன்றம் கூடியிருக்கு, வெட்டவெளியில, பாறை மேல நின்னு சட்டத்தை வாயாலயே ஒப்பிச்சிருக்காங்க. அந்தப் பாறைப் பிளவுல நடக்கறப்ப காத்து அடிச்ச அடியில எங்க பேச்சே எங்களுக்குக் கேக்கல, அவங்க எப்படிச் சமாளிச்சாங்கனு தெரியல. கெய்சிர்ங்கற ஒத்தை ஊத்தோட பேரைத்தான் உலகம் பூரா பீச்சியடிக்கற வெந்நீர் ஊத்துக்கெல்லாம் இங்கிலீஷ்ல வச்சுக்கிட்டாங்க. அந்த அசல் கெய்சிர் இப்பல்லாம் அநேகமா தூக்கம்தான், பக்கத்துல ஸ்த்ரோஹ்குர்தான் அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சீறுது. ஸ்த்ரோஹ்குர்னா வெண்ணெய் கடையற பானை. கூட்டம்.

திங்கள், வீக்

தெற்கு ரோடு. இன்னைக்கு முழுக்க ஊர்ப் பேரே பாடம், ஏன்னா இங்க பேருங்க எல்லாமே சாதாரண சொல்லுங்களைக் கோத்ததுதான். ஃபோஸ் அருவி, ஃபியத்ல் மலை, வஹ்த்ன் தண்ணியும் ஏரியும், வீக் சின்ன வளைகுடா, தாலுர் பள்ளத்தாக்கு, ஏய் தீவு, யோக்குத்ல் பனியாறு. இந்த ஏழெட்டு கையில இருந்தா மேப் படிக்கலாம். 2010ல ஐரோப்பா பூரா பிளேனை நிறுத்தின எரிமலை ஞாபகம் இருக்கா, நியூஸ் வாசிக்கறவங்க எல்லாம் வாயடைச்சுப் போனாங்களே, ஏய்யஃபியத்லயோக்குத்ல். பிரிச்சா ஏய்ய, ஃபியத்ல, யோக்குத்ல். தீவு-மலை-பனியாறு, அவ்ளோதான். ரோட்டோரமாவே தெரியுது, வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு ரொம்ப சாதுவா.

செல்யாலாந்ஸ்ஃபோஸ்ல அருவிக்குப் பின்னாடி நடந்து போகலாம், ரெயின்கோட் போட்டும் ஜட்டி வரைக்கும் நனைஞ்சாச்சு. ஸ்கோகாஃபோஸ் 60 மீட்டர், பக்கத்துல போக முடியாத அளவுக்கு சாரல்.

வண்டி ஓட்டறவங்களுக்குச் சில சொல்லு உயிர் சமாச்சாரம். எய்ன்ப்ரேய்த் ப்ரூ, ஒரு வண்டி மட்டும் போற பாலம், முன்னாடி வந்தவருக்கு வழி. ப்ளிந்ஹைத், மேட்டுக்கு அந்தப்பக்கம் தெரியாது, மெதுவா. மல்பிக் எந்தர், தார் ரோடு முடிஞ்சு ஜல்லி ஆரம்பம், வேகத்தைக் கொறைக்காம ஏறுனா வண்டி வழுக்கும். ஓஃபைர்த்னா போகவே முடியாத ரோடு, லோக்காத்னா மூடியாச்சு, கடைக்கும் ரோட்டுக்கும் அதே சொல்தான். ரேய்னிஸ்ஃப்யாரா கருப்பு மணல் கடற்கரையில எச்சரிக்கை போர்டு பெருசா வச்சிருக்காங்க, அலை சொல்லாம கொள்ளாம ஏறி வந்து ஆளை இழுத்துட்டுப் போயிருக்கு. அப்படியும் தண்ணிக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கறாங்க மனுஷங்க.

ராத்திரி மாமா பெட்ரோல் பங்க்ல ஹர்த்ஃபிஸ்குர் வாங்கினாரு. நம்ம கருவாடேதான், காத்துலயே காய வச்சது. இவங்க வறுக்காம பிச்சு பிச்சு வெண்ணெய் தடவித் தின்றாங்க. கார் பூரா ராமேஸ்வரம் வாடை. நான் ஒரு பாக்கெட்டை தனியா காலி பண்ணேன்.

செவ்வாய், யோக்குல்சாவ்ர்லோன் போயிட்டு வீக்

யோக்குல்ஸ்-ஆவ்ர்-லோன், பனியாத்து நதியோட காயல். நீலப் பாளம் பாளமா ஐஸ் மிதந்து கடலுக்குப் போகுது, சீல் ஒண்ணு நடுவுல தலையைத் தூக்கிப் பாத்துச்சு.

வழியில ஸ்கேய்தராவ்ர்சாந்துர், கண்ணுக்கெட்டுற வரைக்கும் சாம்பல் மணல். நாட்டைச் சுத்தற ஒண்ணாம் நம்பர் ரோட்டுல இந்த எடத்துக்குப் பாலம் போட முடியாம ரொம்ப நாள் வட்டம் முழுசாகாம இருந்துச்சு, 1974லதான் சேத்தாங்க. 1996ல பனியாத்துக்கு அடியில எரிமலை வெடிச்சு வெள்ளம் வந்து பாலத்தைச் சுருட்டிட்டுப் போயிடுச்சு. முறுக்கின இரும்பு உத்தரம் ரெண்டை ரோட்டோரம் நினைவுச்சின்னமா விட்டிருக்காங்க, பாப்பா மேல ஏறி உக்காந்துக்கிட்டா. அந்த வெள்ளத்துக்குப் பேரு யோக்குல்ஹ்லோய்ப், உலகத்துல எங்க நடந்தாலும் இங்கிலீஷ்ல புவியியல்காரங்க அப்படியேதான் எழுதறாங்க.

அந்தப்பக்கம் ஹோப்ன்னு ஒரு ஊரு. துறைமுகம்னு அர்த்தம். ஆனா ஹோப்னுக்குப் போறேன்னு சொல்லணும்னா "தில் ஹாப்னர்". ஓ ஆ-வாயிடுச்சு! பின் சீட்டுல பாப்பா பாட்டு மாதிரி தில் ஹாப்னர், தில் வீக்குர், தில் ரெய்க்யாவிக்குர்னு ஒப்பிச்சுக்கிட்டே வர்றா, அவளுக்கு வேற்றுமைன்னா என்னன்னே தெரியாது. நான் "தில் ஹோப்ன்"னு வேணும்னே சொல்லிப் பாத்தேன், "மாமா, அது அசிங்கமா இருக்கு"ங்கறா. விதியெல்லாம் கேக்காதீங்க, அவ காதுக்கு அசிங்கமா இருக்கு, அவ்ளோதான்.

புதன், ரெய்க்யாவிக்

மழை. வீட்டுலயே. அக்கா கிளாஸ்ல இன்னைக்குப் பேரு பாடமாம். இங்க பெரும்பாலான ஆளுங்களுக்கு குடும்பப் பேருனு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட, சில சமயம் அம்மா பேரோட, ஸோன் இல்லன்னா தோஹ்திர் சேத்துக்கறாங்க. 1980ல உலகத்துலயே முதல்முறையா மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்ச பெண் ஜனாதிபதி விக்தீஸ் ஃபின்போகாதோஹ்திர், ஃபின்போகியோட பொண்ணு விக்தீஸ். ஜனாதிபதியையே முதல் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, டெலிபோன் டைரக்டரி அச்சுல வந்த காலத்துல அதுவும் முதல் பேர் வரிசைதான். பாஸ்போர்ட் ஃபாரத்துல சர்நேம் கட்டத்துல என்னத்தை எழுதறதுனு முழிக்கற நமக்கு இதைவிட ஆறுதலான நாடு கெடையாது. மாமா இனிஷியலை விளக்கறதுக்கு இங்க மட்டும்தான் ஒரு வரி போதுமாம்.

அந்தப் பேரும் சும்மா நிக்காது. இப்ப இருக்கற ஜனாதிபதி ஹத்லா, அவங்களைப் பாத்தேன்னு சொல்லணும்னா ஹத்லா ஹோத்லு ஆயிடும். நாம ஹத்லா-வைனு ஒட்டு போடுவோம், இவங்க பேரையே வளைச்சுடறாங்க.

படிக்கணும்னு நெனக்கறவங்களுக்கு, ஐஸ்லாந்து யுனிவர்சிட்டியோட ஐஸ்லாண்டிக் ஆன்லைன் கோர்ஸ் இலவசம், வீட்டுல இருந்தே ஆரம்பிக்கலாம். குடியுரிமைக்கு மொழிப் பரீட்சை இருக்கு, அக்கா அதுக்குத்தான் மூச்சு பிடிச்சுப் படிக்கறா. சொல் லிஸ்ட் தூக்கிப் போடுங்கனு நான் சொல்லல, போர்டு படிக்க அது போதும். பேசறதுக்குத்தான் அது ஆகாது. கடைக்கு ஒண்ணு, குளத்துக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணுனு முழு வாக்கியமா பிடிங்க. அப்பறம் யாய்யா. நம்ம சரி மாதிரி, ஆரம்பிக்க, முடிக்க, கெளம்பலாமானு கேக்க, பெருமூச்சு விட, எல்லாத்துக்கும் யாய்யா. இந்த ஒத்தைச் சொல்லு மட்டும் எந்த வேற்றுமையிலயும் மாறாது.

சாயங்காலம் மழை விட்டதும் கீழ பேக்கரிக்குப் போனேன். "யெக் ஐத்லா அத் ஃபாவ் த்வோ ஸ்னூதா", ரெண்டு சுருள் ரொட்டி குடுங்கனு. ஸ்னூதுர் ஆண்பால், அதனால த்வோ. கல்லால இருந்த பொண்ணு ரெண்டை எடுத்துப் போட்டுட்டு "வில்து போக்கா?"ன்னா. "நேய், தாஹ்க்"னேன். சாக்லேட் போட்டதா கேரமல் போட்டதானு அடுத்து வேகமா ஏதோ கேட்டா, கையைக் காட்டித்தான் சொன்னேன்.

நாளைக்கு காலையில அகுரேய்ரி பஸ், வடக்கே 390 கிலோமீட்டர் கிட்ட. அங்க டிராஃபிக் சிக்னல் சிவப்பு லைட்டை இதய வடிவத்துல வச்சாங்கனு மாமா சொல்றாரு. அங்க போய் போட்டோவோட எழுதறேன்.